தோணிக்கு ஜல்லடை

ஏணி கீதுப்பா. அது எங்க போவப் போவுது. பின்பக்கம் செவுத்துல ஆணில தொங்குது. நீ மொதல்ல குந்து. மூஞ்செல்லாம் வேத்து வயியிது பாரு. உன் ஏணி இந்த சந்துல திரும்பாதுன்னு நான்தான் வாசல்லயே சொன்னேன் இல்ல? கேக்காம இஸ்துகினு வந்து பூமாரி வூட்டு ஜன்னல்ல இடிச்சி, அவளாண்ட நல்லா வாங்கிக் கட்டிகினே. இந்த சந்துல பொணப்பெட்டியவே படுக்க வெச்சி தூக்கினு போவ முடியாது நைனா. எங்க வூட்டுக்காரு இன்னாசிய நட்டமா நிக்க வெச்சிதான் மெயின் ரோடு வரிக்கும் கொண்டும்போனாங்க. உயிரோட இருக்கசொல்ல சம்பள நாளு அன்னிக்கு ஒருவாட்டி கூட நேரா நின்னு வூட்டுக்கு வந்ததில்ல அந்தாளு. செத்த அன்னிக்கு நின்னாரு. சிரி சிரி, பரவால்ல. நானும் அன்னிக்கு முந்தானைய வாயில வெச்சிகினு சிரிச்சேன். பாத்தவங்கல்லாம் அயுவுறேன்னு நெனச்சிகினாங்க.

டீ போடுறேன். வோணாம்னு சொல்லாத, தண்ணி அடுப்புல வெச்சாச்சு.

இன்னா கேட்டே? வெள்ளைக் கொடமா? எந்த வெள்ளைக் கொடம்? என் வூட்ல ஏதுப்பா வெள்ளைக் கொடம். கார்ப்பரேசன் தண்ணிக்கு ரெண்டு பச்சக் கொடம் வெச்சிகீறேன், ஒரு நீலம் மூக்கு ஒடஞ்சி கெடக்குது, அவ்ளோதான். பின்பக்கமா? துணி தோய்க்கிற கல்லாண்டயா? கூரை மேலர்ந்து எடுத்த போட்டோல தெரிதா? எங்க காட்டு. அயுக்கு வியும், நவுத்தி வெக்கணும்னு சொல்றியா. நல்ல புள்ளதான் நீ, வேலைக்கு முன்னாடி இதெல்லாம் யாரு பாக்குறா. இரு, கண்ணாடி எங்க வெச்சேன். தூரமா புடி. இது ஆபரேசன் பண்ண கண்ணு, கிட்ட வந்தா எல்லாம் மாவு மாரி தெரியும்.

ம்.

சரி, உள்ள வெய்யி. அப்பால பாக்கலாம். கொடமெல்லாம் நான் நவுத்திக்கிறேன்.

பேரு இன்னா சொன்னே? செங்குட்டுவனா. நல்லா கீது, வாய் நெறைய கூப்புடலாம். எந்த ஏரியா? வியாசர்பாடியா. அம்மா கீறாங்களா? கீறாங்க. நல்லது. அவங்களும் பேசுவாங்களா இந்த மாரி? கம்மியா பேசுவாங்களா. அது குடுத்து வெச்சது உனக்கு.

சொல்றேன், சொல்றேன். ஜல்லடை போடணுமா வோணாமான்னு சொல்லத்தான் போறேன். நீ அவசரப்படாத. உன் சார் உனக்கு எல்லாம் செட்டில் பண்ணிட்டாரு, ஆனா வூடு என் வூடு இல்ல? அவரு சார் உனக்கு. எனக்கு புள்ள, பெனிட்டோ. இந்த வூட்லதான், அதோ அந்த மூலைல, கட்டிலு போட்டுக்கீது பாரு, அங்கதான் பொறந்தான். ஆஸ்பத்திரிக்கு போவ ரிக்‌ஷா இட்டாரப் போன மனுசன் திரும்பி வரதுக்குள்ள பொறந்துட்டான். வெளிய வரசொல்லயே அவசரம்.

நீ அந்த ஜல்லடைக்கு இன்னாமோ பேரு சொன்னியே, கட்டர் கார்டுன்னு. கூரை ஓரத்துல கீற அந்தத் தகரக் கால்வாய நாங்க தோணின்னுதான் சொல்லுவோம். இன்னாசி வெச்ச பேரு. ஹார்பர்ல சரக்கு தூக்குற வின்ச் ஓட்டினவரு, அவருக்கு எல்லாமே தோணிதான். கொயந்தை தொட்டிலும் தோணிதான், நான் புச்சா வாங்குன செருப்பும் தோணிதான். கூரைத் தண்ணி மொத்தமும் அதுல எறங்கி, பைப்பு வயியா டிரம்முல வியும். அந்தத் தண்ணிலதான் நான் துணி தோய்ப்பேன். உப்பு இல்லாத தண்ணி இந்த ஏரியாவுல அது ஒண்ணுதான். தோணி அடச்சிகிச்சின்னு வெச்சிக்க, தண்ணி பின்னால வியாம செவுத்துக்குள்ள எறங்கும். போன வருசம் அப்டித்தான் எறங்குச்சு. மாதா படம் மாட்டிகீது பாரு, அந்த செவுரு. மாதா மூஞ்சில பச்சையா பாசி புடிச்சிகிச்சி. பல்லு தேய்க்கிற பிரஷ்ஷ வெச்சி தேச்சேன். தேச்சதுல ஒரு பக்கத்து புருவம் போயிடிச்சி. அதான் அப்டி பாக்குறாங்க, நீ இன்னாத்துக்கு இன்னும் குந்திகினு கீறேன்னு கேக்குற மாரி.

அதுல இன்னாதான் வியாது சொல்லு. ஹார்பர் பக்கத்துலர்ந்து கரித்தூசி பறந்து வருதா, அது தண்ணி பட்டா களி மாரி ஆயிடும். பக்கத்து வூட்டு ஜீனத்தோட பாதாம் மரம் கீது, அது எலை உதுக்குற சீசன்ல நீ பாக்கணும், முறம் மாரி ஒவ்வொண்ணும். அப்பால காத்தாடி. மீன் முள்ளு, காக்கா வேல. ஒருவாட்டி ஜீனத்தோட வூட்டுக்காரு பாய் பல்செட்ட கயட்டி மாடில காய வெச்சிட்டு, தொயுகைக்கு கை காலு கயுவி ஒளு பண்ணப் போயிகீறாரு. திரும்பி வந்தா பல்லு இல்ல. தன் மருமவன்தான் எடுத்தான், அவன்தான் விளையாட்டுக்காரன்னு சொல்லி அவரு பொக்கை வாயோட கத்துறாரு, அவன் அயுவுறான். அப்பால மயைக்கு முன்னாடி தோணி அள்ளசொல்ல பாத்தா, பல்லு. கரியில பொதஞ்சி சிரிச்சிகினு கெடக்குது. காக்கா எத்துகினு வந்து போட்டுகீது. பாய் இன்னா பண்ணாரு தெரியுமா? கயுவி போட்டுகினாரு. மருமவனுக்கு பிரியாணி போட்டு சமாதானம் பண்ணாரு. பாய் போயிட்டாரு இப்ப, பாவம். நல்ல மனுசன்.

டீ எப்டி கீது? சக்கரை தூக்கலா? அது கை பயக்கம்.

தோணி அள்ளுறதுன்னா சொம்மா இல்ல எங்க வூட்ல. பெசன்ட் நகர் மாதா கோயில்ல திருவியா முடிஞ்சி கொடி எறக்குவாங்க இல்ல, அதுக்கு மறுநாளு. அன்னிக்குதான் அள்ளணும். இன்னாசி வெச்ச சட்டம். அதுக்கு அப்பால மயை எப்ப வேணா வரலாம்னுவாரு. கொடி எறக்குற அன்னிக்கு கோயிலுக்கு நடந்து போயிட்டு வந்து, காலு கொப்புளத்தோட மறுநாளு ஏணில ஏறுவாரு. காலைல நான் காசிமேடு போயி பால்சுறா வாங்கியாருவேன். மேல அந்தாளு கரி அள்ளிப் போட, கீய நான் சுறா வேவ வெச்சி தோலு உரிச்சி புட்டு பண்ணுவேன். பூண்டு மட்டும் ஒரு கை. எறங்கி வந்து டிரம் தண்ணில குளிச்சிட்டு இலை போட்டு துன்னுவாரு. கிறிஸ்மஸ் வேற, ஈஸ்டர் வேற. இது எங்க வூட்டு பண்டிகை. வேற யாரு வூட்லயும் கெடையாது. ஜீனத்து கிண்டல் பண்ணுவா, இன்னாக்கா சாக்கடைக்கு திருநாளான்னு.

அவருக்கு முட்டி போனதுக்கு அப்பால பெனிட்டோ ஏற ஆரம்பிச்சான். மொத வாட்டி ஏறசொல்ல ஏணிய கட்டிப் புடிச்சிகினு நிக்கிறான். கீயர்ந்து இவரு கத்துறாரு, ஆணி அடிச்ச வரிசை மேல காலு வெய்டா, நடுவுல வெச்சா தகரம் அமுங்கும்டான்னு. அவன் மேலர்ந்து கத்துறான். நான் ரெண்டு பேரையும் கத்துறேன். ஊரே வேடிக்கை பாக்குது. அன்னிக்கு துன்னான் பாரு ஒரு துன்னு. சட்டிய வயிச்சிட்டு, வயிச்ச கைய மோந்துகினே தூங்குனான்.

கல்யாணம் ஆச்சு, ஜானட்ட இட்டுகினு நாவலூரு போயிட்டான், பெரிய கம்பெனி, ஒம்போதாவது மாடில வூடு. எல்லாம் போச்சு, ஞாயித்துக்கெயமை வரதும் போச்சு, கிறிஸ்மசுக்கு ஜானட்டோட அம்மா வூடுன்னு ஆச்சு. சரி, அவங்களும் பொண்ண பெத்தவங்கதான. ஆனா இது மட்டும் போவல. கொடி எறக்குன மறுநாளு லீவு போட்டுட்டு வந்துடுவான். அங்கர்ந்து இங்க வரதுக்குள்ள பாதி நாளு போயிடும். வந்து சட்டைய கயட்டி ஆணில மாட்டிட்டு, ஏணி எங்கம்மான்னு கேப்பான். அது எங்கடா போவப் போவுதுன்னு நான் சொல்லுவேன்.

யாரு, ஃபோனா? எடு. நீ என்ன பாக்காத, எடுத்து பேசு. உள்ள டவர் வராது, வாசல்ல போயி நின்னு பேசு.

இன்னா, உன் சாரா. தெரியும், நீ பேரப் பாத்துட்டு என்னப் பாத்தே பாரு, அப்பவே தெரியும். இன்னா சொன்னான்? வேல முடிஞ்சிதான்னு கேட்டானா. சரி. ஃபோன அம்மாவாண்ட குடுன்னு சொல்லல? சொல்லலியா. மீட்டிங்ல இருந்திருப்பான். அவனுக்கு எப்பவும் மீட்டிங்தான். இன்னாத்துக்கு சிரிக்கிறே நீ? மறைக்காத. அம்மா புடிச்சிகினாங்களான்னு கேட்டிருப்பான், அதான? நீ இன்னா சொன்னே? ஆமான்னுட்டியா? பொய் சொல்ல தெரில உனக்கு. பரவால்ல. நான் பேசுவேன்பா. எனக்கே தெரியும். பேசாம இருந்தா இந்த வூட்ல ஃபேன் சத்தம் மட்டும்தான் கேக்கும். அது வேற கடக்கு கடக்குனு, யாரோ நாக்கு கொட்டுற மாரி.

ஒரு வாட்டி நாவலூரு போயி இருந்தேன். கொஞ்ச நாளு இருக்கலாம்னு போனேன். அங்க கூரையே இல்ல, உனக்கு தெரியுமா? நம்ம தலைக்கு மேல இன்னொருத்தன் கக்கூஸு. மயை பெய்யிது, ஜன்னல்ல பாத்தாதான் தெரிது, சத்தமே கெடையாது. எனக்கு அது ஒரு மாரி ஆயிடிச்சி. லிப்ட்டு கிட்ட வாட்ச்மேன் குந்திகினு இருப்பான், ஒடிசாக்காரன், தமிய் அரைகொறதான், அவனாண்ட பேசிகினு இருந்தேன். அவன் அம்மாவுக்கு கால்ல ஆணியாம். ஜானட்டு தன்மையாத்தான் சொன்னா, அத்தை, இங்க யாராண்டயும் அவ்ளோ பேச மாட்டாங்க, ஒரு மாரி நெனப்பாங்கன்னு. தப்பா சொல்லல அவ. அப்பால சமையல் ரூம்புல பெனிட்டோவாண்ட சொல்றா, எனக்கு கேக்குது. உங்கம்மாவாண்ட ஒரு வார்த்த கேட்டா பதிலு வர லஞ்ச் டைம் ஆயிடுதுன்னு. அவன் சிரிச்சான். புள்ள சிரிக்கிறது எனக்கு புடிக்கும். ஆனா அந்த சிரிப்பு எனக்கு புடிக்கல. மறுநாளு காலைல கெளம்பிட்டேன், தண்ணி வர நாளு, டிரம்மு காலின்னு சொல்லிட்டு.

சரி, விசயத்துக்கு வரேன்.

உன் ஜல்லடைய பத்தி நான் யோசிக்காம இல்ல. நீ காட்டுனியே அந்த சாம்பிளு, நல்லா கெட்டியாதான் கீது, துரு புடிக்காதுன்னு சொல்றே. எலை உள்ள போவாது, காத்தாடி போவாது, காக்கா பல்லு கொண்டாந்து போட்டாலும் மேலயே நிக்கும். ஒத்துக்கிறேன். ஆனா கரித்தூசி நிக்குமா? அது பவுடரு. உன் ஓட்ட வயியா எறங்கத்தான் எறங்கும். எறங்கி அடில சேரும். அப்ப ஜல்லடைய கயட்டி அள்ளணும். அதுக்கு ஒராளு வோணும் இல்ல? அஞ்சாறு வருசத்துக்கு ஒருவாட்டி போதும்னா சொல்றே? அஞ்சாறு வருசம். அப்டித்தான் அவனும் சொன்னான். ஃபோன்ல. இனிமே வருசா வருசம் பேஜாரு இல்லம்மா, ஒரே வாட்டி போட்டா முடிஞ்சிதுன்னு. ரொம்ப சந்தோசமா சொன்னான்.

போன வருசமே வரல. லீவு குடுக்கலன்னான். சுறாப்புட்டு பண்ணி வெச்சிட்டு வாசப்படில குந்திகினு இருந்தேன். அப்பால மாதா மூஞ்சில பாசி. அதுக்கு எனக்கு கோவம் கெடையாது. கம்பெனின்னா அப்டித்தான். இந்த வருசம் வருவான், ரெண்டு வருசத்து கரி சேந்துகீது, ஒரு நாளு பத்தாது, ராத்திரி தங்கித்தான் ஆவணும்னு நான் கணக்கு போட்டு வெச்சிருந்தேன். தலவாணி உறை கூட தோச்சி வெச்சேன். நீ சின்னப் பையன், உனக்கு எப்டி சொல்றது. இத்த போட்டா அவன் வர மாட்டான்பா. வேற ஒரு காரணமும் இல்ல அவனுக்கு இந்த வூட்டுக்கு வர. ஏறி அள்ளணும், அதுக்குதான் வருவான். வந்த எடத்துல துன்னுவான். துன்ன எடத்துல ரெண்டு வார்த்த பேசுவான். அத்தயும் ஜல்லடை போட்டு மூடிட்டா அப்பால இன்னா கீது சொல்லு. மாதாவும் நானும், ஒரு புருவத்தோட.

அதான் வோணாம்னு சொல்லலாம்னு இருந்தேன். நீ சந்துல வரசொல்ல கூட அப்டித்தான் நெனச்சிகினு இருந்தேன். டீ குடுத்து அனுப்பிடலாம், தோணி ஓட்டையா கீது, ஜல்லடை நிக்காதுன்னு நீயே அவனாண்ட ஒரு வார்த்த சொல்லிடுன்னு உன் கைய புடிச்சி கேக்கலாம்னு.

அந்த போட்டோ உங்க ஆளு யாராச்சும் வந்து எடுத்ததா? சொம்மா கேக்குறேன். இல்ல, என்னாண்ட ஃபோன்ல சொன்னான், கம்பெனிலர்ந்து ஒருத்தரு வந்து மேல பாத்துட்டு போயிட்டாரும்மா, உனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லன்னு. உங்க ஆளு இல்லியா. சாரே அனுப்புனாரா. வாட்சப்புல. அளவும் அவரே எடுத்து அனுப்பிட்டாரா. போட்டோ இல்லாம நீங்க ஆளு அனுப்ப மாட்டீங்களா. சரி சரி. எந்த கெயமை அனுப்புனாரு? செவ்வாக்கெயமை. மத்தியானம்.

போன செவ்வாக்கெயமைதான் கொடி எறக்குன மறுநாளு. நான் இந்த வருசமும் காசிமேடு போனேன். வர மாட்டேன், ஜல்லடை போட ஆளு அனுப்புறேன்னு அவன் சொல்லிட்டான், இருந்தாலும் போனேன். காலு தானா போவுது இன்னா பண்ண. சின்ன சுறாவா ஒண்ணு வாங்கியாந்து, பின்பக்கம் தோய்க்கிற கல்லாண்ட குந்திகினு கயுவிகினு இருந்தேன். வெயிலுன்னா வெயிலு. தலைக்கு முந்தானை கூட போடல. அப்ப மேல தகரத்துல சத்தம். கடக்குன்னு ஒண்ணு. அப்பால கொஞ்சம் தள்ளி இன்னொண்ணு. ஜீனத்து வூட்டு பூன, மீன் வாசன புடிச்சிட்டு வந்துடிச்சின்னு நெனச்சேன். அண்ணாந்து பாக்கல, கண்ணு கூசும். குந்துன வாக்குலயே சொன்னேன், சனியனே, ஏன்டா திருட்டுத்தனமா வரே, எறங்கி வா, உனக்கும் ஒரு துண்டு வெச்சிகீறேன்னு. சத்தம் நின்னுடிச்சி. ரொம்ப நேரம் அசையல. நான் அதாண்ட பேசிகினே கயுவுனேன். பாரு, பூனையாண்டயும் பேசுவேன் நான். இன்னிக்கு பெனிட்டோ வர நாளு, வரல, நீயாச்சும் வந்தியேன்னு சொன்னேன். அப்பால மொள்ளமா அந்தப் பக்கம் போயிடிச்சி. பூன அவ்ளோ மொள்ளமா போவாதுன்னு அப்ப எனக்கு தோணல.

மத்தியானம் ஜீனத்து ஒரு தட்டு பிரியாணி எத்துகினு வந்தா. ஒரு விசேசமும் கெடையாது. இன்னாடி திடீர்னுன்னேன். சொம்மாக்கா, தோணுச்சு, போட்டேன்னா. மூஞ்சிய பாக்காம தட்டையே பாத்துகினு சொல்றா. காலியா தட்டு குடுக்கக் கூடாது இல்ல, நான் கொஞ்சம் புட்டு வெக்கப் போனேன், அப்பால நெனவு வந்து நிறுத்திட்டேன். ஜீனத்துக்கு சுறா வாசனையே ஆவாது. இத்தினி வருசமா அவ மூக்க மூடிகினுதான் என் வாசல்ல நிப்பா தோணி அள்ளுற அன்னிக்கு. ஆனா அன்னிக்கு, வெய்யிக்கா, கொஞ்சம் தூக்கலாவே வெய்யின்னு கேட்டு வாங்குனா. யாருக்குடீன்னேன். வூட்டுக்கு ஆளு வந்துகீதுன்னா. சந்தோசமா அள்ளி வெச்சேன். தெரியாத மனுசன் என் கை புட்டு துன்னப் போறான்னு.

இன்னொரு வாட்டி அந்த போட்டோவ காட்டு. பெருசு பண்ணத் தெரியுமா, ரெண்டு வெரல வெச்சி இஸ்துப்பாங்களே. இஸ்து. இன்னும். அந்த மூலைய காட்டு, தோணிக்கு கீய, கல்லாண்ட.

கொடமில்லப்பா அது. என் தல.

நல்லா நரச்சிபோச்சி பாரு. மேலர்ந்து நான் பாத்ததில்ல இதுக்கு முன்ன. பக்கத்துல செவப்பா தெரிதே, அது சுறா கயுவுன தண்ணி. நேரா என் தலைக்கு மேல நின்னுகினு எடுத்துகீறான். கை ஆடாம எடுத்துகீறான், தெளிவா வந்துகீது.

இல்லப்பா, நீ இன்னா பண்ணுவே. நீ குந்து. நீ சொல்லலன்னா நான் கொடம்னே நெனச்சிருப்பேன். புட்டு வோணும்னா கேட்டிருந்தா டப்பால போட்டு நாவலூருக்கே குடுத்தனுப்பி இருப்பேன். பேசாம குடுன்னு சொல்லியிருந்தா பேசாம குடுத்திருப்பேன். ஜீனத்து வூட்ல குந்தி துன்னுட்டு போயிகீறான். நடுவுல ஒரு செவுருதான். நான் இங்க இந்த ஸ்டூலு மேல குந்திகினு அவ பிரியாணிய துன்னுகினு கீறேன். அவ பத்து வாட்டியாவது இந்த வாசல்ல வந்துட்டா அதுக்கு அப்பால. உப்பு கேட்டா, ரேசன் கடைல பாமாயிலு போடுறானான்னு கேட்டா. ஒரு வார்த்த சொல்லல.

ஜல்லடைதான? போட்டுடு. யோசிக்கல ஒண்ணும். நல்லா இறுக்கிப் போடு, ஒரு எலை உள்ள போவக் கூடாது. அஞ்சாறு வருசம்னு சொன்னே இல்ல, பத்து வருசத்துக்கு வர மாரி போடு.

ஏணியா. ஏணி எதுக்குப்பா. அதுல கயிறெல்லாம் இத்துபோயிருக்கும், நீ வியுந்து வெக்கப் போறே. இப்டி பின்னால சுத்திப் போனேன்னா அந்தத் தெருவுல ஜீனத்து வூட்டு வாசலு. மாடிப்படி கீது. மேல போயி ஒரு எட்டு எடுத்து வெச்சா என் கூரை. உன் சார் அனுப்புனாருன்னு சொல்லு, வுடுவா. ஆணி வரிசை பாத்து காலு வெய்யி. சத்தம் வந்தாலும் பரவால்ல, நான் பூனன்னு நெனச்சிக்கிறேன்.